பாட்டில்லாத பள்ளிக்கூடம்

ஒரு பள்ளிக்கூடத்தின் இசை வரலாற்றை எழுதச் சொன்னால் வழக்கமாக எப்படி எழுதுவார்கள்? முதல் பாட்டு வாத்தியார் பெயர், ஆர்மோனியம் வாங்கின வருஷம், ஆண்டு விழாவுக்கு வந்த மந்திரி, மாவட்டப் போட்டியில் கிடைத்த கேடயம், ஒரு குரூப் போட்டோ. முடிந்தது.

இங்கிலாந்தில் க்வேக்கர்கள் நடத்திய பள்ளிகளைப் பற்றி இப்படி எழுத முடியாது. அந்த வரலாற்றில் முதல் நூறு வருஷத்துக்கு இசையே கிடையாது. மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்றில்லை. கூடவே கூடாது என்று தீர்மானமாக வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏன் நிறுத்தினார்கள், அப்புறம் எப்படி உள்ளே விட்டார்கள் என்பதுதான் கதை. படிக்கப் படிக்க, இது நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றிய கதையும்தான் என்று தோன்றுகிறது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

க்வேக்கர் என்றதும் உங்களுக்கு ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்டுச் சிரிக்கும் ஆசாமி ஞாபகத்துக்கு வரலாம். அந்த கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. க்வேக்கர் என்றால் நாணயமானவர் என்ற பேர் இருந்ததால் அதை டப்பாவில் ஒட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் கேட்பரி சாக்லேட்டை ஆரம்பித்த குடும்பம் நிஜமான க்வேக்கர் குடும்பம். இவர்களுடைய அதிகாரப்பூர்வமான பெயர் 'நண்பர்கள் சங்கம்'. 17-ம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624-1691) என்பவர் ஆரம்பித்து வைத்தது. சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், பிரபுவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள், யுத்தத்துக்குப் போக மாட்டார்கள். அடிமை வியாபாரத்தை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் இவர்கள் உண்டு. 1947-ல் அமைதிக்கான நோபல் பரிசு பிரிட்டிஷ், அமெரிக்க க்வேக்கர் சேவை அமைப்புகள் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

இவர்களுடைய வழிபாடு விசித்திரமானது. பாதிரியார் இல்லை, பலிபீடம் இல்லை, பாட்டு இல்லை. ஒரு சாதாரண ஹாலில் பெஞ்சு போட்டு எல்லோரும் உட்காருகிறார்கள். ஒரு மணி நேரம் மௌனம். யாருக்காவது உள்ளேயிருந்து ஏதாவது தோன்றினால் எழுந்து நாலு வார்த்தை சொல்லலாம். தோன்றவில்லையென்றால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இதில் இசைக்கு இடம் இல்லாததன் தர்க்கம் புரிகிறது. எவரோ எப்போதோ எழுதிவைத்த பாட்டை, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதால், மனசில் அந்த பாவம் இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் கோரஸாகப் பாடுவது பொய் என்று அவர்கள் நினைத்தார்கள். உணர்ச்சி உள்ளேயிருந்து வர வேண்டும், புத்தகத்திலிருந்து வரக்கூடாது. ஃபாக்ஸ் தன் வாழ்க்கைக் குறிப்பில், சந்தையில் வித்தை காட்டுகிறவர்களோடு சேர்த்து எல்லாவிதமான இசையையும் கண்டிக்கும்படி தான் உந்தப்பட்டதாக எழுதியிருக்கிறார்.

உச்சக்கட்டம் சாலமன் எக்கிள்ஸ் என்கிற ஆசாமி. பரம்பரை சங்கீதக் குடும்பம். வாத்தியம் வாசிக்கக் கற்றுக்கொடுத்து நன்றாகச் சம்பாதித்தவர். க்வேக்கராக மாறியதும் தன் வாத்தியங்களையெல்லாம் விற்றுவிட்டார். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. 'நமக்குக் கெடுதல் என்று ஒதுக்கினதை இன்னொருத்தன் தலையில் கட்டிவிட்டோமே' என்ற உறுத்தல். விற்றதையெல்லாம் திரும்ப வாங்கி லண்டன் டவர் ஹில்லில் ஜனங்கள் பார்க்கப் போட்டு எரித்தார். கூட்டம் தடுக்கப் பார்த்தபோது காலால் மிதித்து உடைத்தார் என்று சொல்கிறார்கள். 1667-ல் ஓர் இசைக்காரரும் ஒரு பாப்டிஸ்டும் ஒரு க்வேக்கரும் வாதாடுகிற மாதிரி ஒரு சின்னப் புத்தகமும் போட்டார்.

எனக்கு எக்கிள்ஸ் மேல் கோபம் வரவில்லை. இசையை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டவர்கள் அதிகம் பேர் இல்லை. மனுஷனை ஆட்டிப் படைக்கிற வல்லமை அதற்கு உண்டு என்று நம்பினதால்தானே எரித்தார்? சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து, தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்குக் கிளம்புகிறவர் எதையும் எரிக்க மாட்டார்.

*

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1779-ல் யார்க்‌ஷையரில் ஆக்வொர்த் என்ற ஊரில் க்வேக்கர்கள் ஒரு பெரிய உறைவிடப் பள்ளி ஆரம்பித்தார்கள். ஜான் ஃபாதர்கில் என்ற டாக்டரின் முயற்சி. அந்தக் கட்டடத்தின் பூர்வீகம் சுவாரசியமானது. லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான 'ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல்' என்ற இல்லம் இருந்தது. அதன் கிளையாகக் கட்டப்பட்டு, பிறகு மூடப்பட்ட கட்டடம் அது. லண்டன் இல்லத்துக்குப் பெரிய புரவலர் யார் தெரியுமோ? இசை மேதை ஹாண்டெல். 1750-லிருந்து தன்னுடைய 'மெசையா'வை அந்தக் குழந்தைகளுக்காக நிதி திரட்டி வாசித்தவர். அவர்களுடைய சர்ச்சுக்கு ஆர்கன் ஒன்றும் கொடுத்தார். ஆக, ஹாண்டெல் ஆதரித்த அதே தர்ம ஸ்தாபனத்தின் சுவர்களுக்குள்ளே, பாட்டே கூடாது என்ற பள்ளிக்கூடம். சரித்திரத்துக்குக் குறும்பு ஜாஸ்தி.

ஏன் கூடாது என்று அவர்கள் சொன்ன காரணங்களை நமக்காகப் பட்டியல் போட்டு வைத்தவர் தாமஸ் கிளார்க்ஸன். அடிமை வியாபாரத்தை ஒழிக்க நாடு பூராக் குதிரையில் அலைந்தவர். க்வேக்கர் இல்லை, அவர்களுடைய நண்பர். 1806-ல் அவர்களுடைய பழக்கவழக்கங்களைப் பற்றி மூன்று வால்யூம் எழுதினார். இசைக்குத் தனி அத்தியாயம் உண்டு. அதிலுள்ள வாதங்களில் மூன்றை மட்டும் எடுத்து, என் பாஷையில் சொல்லி, உரசிப் பார்க்கலாம்.

முதல் வாதம்: இசையினால் யாரும் நல்லவனாகிவிடுவதில்லை. காதுக்கு இனிமை, அதோடு சரி.

இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். இசை மனத்தைப் பண்படுத்தும் என்று மேடைதோறும் சொல்கிறோம். ராகம் கேட்டு மாடு பால் கறக்கும் என்கிறோம். ஆனால் அருமையாகப் பாடுகிறவர்கள் எல்லோரும் அருமையான மனுஷர்களா? மார்கழி மாசம் எந்த சபாவின் கொல்லைப்புறத்திலும் பத்து நிமிஷம் நின்று பேச்சைக் கேட்டால் தெரிந்துவிடும். இந்த வாதத்தில் க்வேக்கர்களுக்கு அரை மார்க் கொடுக்கலாம். மீதி அரை மார்க்கை நிறுத்தி வைக்கக் காரணம், இதே அளவுகோலை அவர்கள் கணக்குப் பாடத்துக்கு வைக்கவில்லை. அல்ஜீப்ரா படித்து யார் யோக்கியனானான்?

இரண்டாவது வாதம்: நேரம் வீணாகிறது, முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்கு. அந்தக் காலத்து ஆங்கிலேய மேல்தட்டுக் குடும்பத்துப் பெண் தினம் பல மணி நேரம் பியானோ முன்னால் கூன் விழ உட்கார வேண்டும். இசைப் பித்தினால் அல்ல, நல்ல வரன் அமைய வேண்டுமே என்று. கல்யாணமானதும் பியானோ மேல் பூ ஜாடி வைத்துவிடுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது அப்படியே நம்ம மாம்பலம், மயிலாப்பூர், ஏன், மன்னார்குடி. பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு பாடுமா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை ஆயிரம் வீடுகளில் எத்தனை ஆயிரம் சிறுமிகள் சரளி வரிசை பாடியிருப்பார்கள்! அதில் எத்தனை பேர் கல்யாணத்துக்கு அப்புறம் வாயைத் திறந்தார்கள்? இசையை அலங்காரமாகவும் சீதனமாகவும் ஆக்கின சமூகத்தின் மேல் க்வேக்கர்களுக்கு இருந்த கோபம் நியாயமானது. இதற்கு முழு மார்க். ஆனால் வியாதி சமூகத்தில் இருக்க, அவர்கள் மருந்தை இசைக்குக் கொடுத்தார்கள்.

மூன்றாவது வாதம்: சகவாசம். இசை என்று ஆரம்பித்தால் கச்சேரி, நாடகம், நடன அரங்கு என்று இழுத்துக்கொண்டு போகும்.

இதற்கு மார்க் கிடையாது. 'கூத்தாடி' என்பதை வசவாக வைத்திருக்கிற ஊரிலிருந்து பேசுகிறேன். பாடத் தெரிந்தவன் கெட்டுப்போவான் என்பதற்குப் பின்னால், பாடிப் பிழைக்கிறவன் நமக்குக் கீழே என்கிற எண்ணம் எப்போதும் ஒளிந்திருக்கிறது. எல்லா மனுஷனும் சமம் என்று தொப்பியைக் கழற்றாதவர்கள் இந்த இடத்தில் மட்டும் கோட்டை விட்டார்கள்.

*

சரி, பாட்டு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? வண்டு பிடித்தார்கள். இலை சேகரித்தார்கள். நட்சத்திரம் பார்த்து நோட்டில் எழுதினார்கள். யார்க் நகரத்தில் 1823-ல் தொடங்கிய பூத்தம் என்ற க்வேக்கர் பள்ளியில் 1834-லேயே மாணவர்களுக்கு இயற்கை வரலாற்றுச் சங்கம் இருந்தது. இசை, நாடகம், நாவல் எதற்கும் அனுமதி இல்லாத பையனுடைய ஆர்வமெல்லாம் பூதக்கண்ணாடி வழியாக வெளியே போயிற்று. மேகங்களுக்கு இன்றைக்கும் நாம் சொல்கிற பெயர்களை 1802-ல் வைத்த லூக் ஹோவர்டு ஒரு க்வேக்கர். அணுக் கொள்கையின் ஜான் டால்டன் ஒரு க்வேக்கர், கெண்டல் என்ற ஊரின் க்வேக்கர் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர்.

'பார்த்தீர்களா, பாட்டை நிறுத்தினால் விஞ்ஞானி வருவான்' என்று யாராவது ஒரு தலைமையாசிரியர் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்வதற்கு முன் ஒரு வார்த்தை. க்வேக்கர்கள் விஞ்ஞானத்துக்கும் வியாபாரத்துக்கும் போனதற்கு வேறு பலமான காரணம் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்ப்ரிட்ஜ் கதவுகள் 1871 வரை முழுசாகத் திறக்கவில்லை. பாதிரியார் வேலை, ராணுவம் இரண்டும் கொள்கைப்படி கிடையாது. மிச்சம் இருந்தது கடை, வங்கி, தொழிற்சாலை, ஆராய்ச்சிக்கூடம். தவிர, வண்டு பிடித்த பையன்களின் பெயர் சங்கத்து நோட்டில் இருக்கிறது. பாடத் தெரிந்தும் பாடாமலே போன பையன்களின் பெயர் எந்த நோட்டிலும் ஏறவில்லை. ஒரு தடையினால் கிடைத்த லாபத்தை எண்ணுவது சுலபம், நஷ்டத்தை எண்ணத்தான் வழி இல்லை.

அப்புறம் எப்படி மாறியது? புரட்சி எதுவும் நடக்கவில்லை. 1860 வாக்கில் க்வேக்கர்கள் தங்கள் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். வெளியே கல்யாணம் செய்துகொண்டால் சங்கத்தை விட்டு நீக்குவது நின்றது. சாம்பல் கலர் உடைதான் போட வேண்டும் என்பதும் போயிற்று. உடை மாறினால் வீடு மாறும், வீட்டுக்குள் பியானோ வரும், வீட்டில் வந்தால் பள்ளிக்கூடம் எத்தனை நாள் தாங்கும்? 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒவ்வொரு பள்ளியாக இசை நுழைந்தது. 1906-ல் ஜார்ஜ் கேட்பரி, பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்தில் மணிக்கூண்டு இசையைக் கேட்டு மயங்கி, தன் தொழிலாளர்களுக்காகக் கட்டின போர்ன்வில் ஊரில், பள்ளிக்கூடத்துக் கோபுரத்திலேயே அந்த மாதிரி மணிகளை வரிசையாகத் தொங்கவிட்டார். இன்றைக்கு அதில் 48 மணிகள். எக்கிள்ஸ் அந்தச் சின்னப் புத்தகத்தைப் போட்டு 240 வருஷம்கூட ஆகவில்லை.

இன்றைய க்வேக்கர் பள்ளிகளில் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது, பாடகர் குழு இருக்கிறது. ஆனால் கூடியுட்கார்ந்து மௌனமாக இருக்கும் வழக்கத்தையும் விடவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த விஷயம் இதுதான். அவர்கள் இசையைச் சும்மா அனுமதிக்கவில்லை. ஏன் வேண்டாம் என்று நூறு வருஷம் யோசித்தவர்கள், ஏன் வேண்டும் என்றும் யோசித்துத்தான் கதவைத் திறந்தார்கள்.

*

மௌனம் நமக்குப் புதுசில்லை. ஆனால் நம்ம ஊரில் சும்மா இருக்கச் சொன்ன தாயுமானவர்கூட அதைப் பாட்டாகத்தான் சொன்னார். திருவண்ணாமலையில் ரமணர் மௌனத்தையே உபதேசமாக வைத்திருந்தவர். அவரும் தன்னோடு இருந்த சாதுக்கள் பிச்சைக்குப் போகும்போது பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டபோது அட்சரமணமாலை எழுதிக் கொடுத்தார். மௌனமும் பாட்டும் இங்கே சண்டை போட்டதில்லை.

இங்கே கிறிஸ்தவ மிஷன் பள்ளிக்கூடங்களும் பாடிய பள்ளிக்கூடங்கள்தான். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக ராகங்களில் கீர்த்தனை எழுதினார். இங்கிலீஷ் பாமாலைகளுக்கு டோனிக் சோல்ஃபா குறிப்பு வந்து சேர்ந்தது. லண்டன் மிஷன் பாதிரியார் எச்.ஏ.பாப்லி ஈரோட்டில் இருந்துகொண்டு நம் சங்கீதத்தைக் கற்று 1921-ல் 'தி மியூசிக் ஆஃப் இந்தியா' என்று ஒரு புத்தகமே போட்டார்.

அதே லண்டன் மிஷன், சென்னை வேப்பேரியில் பெண்களுக்கு நடத்திய பள்ளி பென்டிங்க். 1928-ல் அங்கே வாத்தியாராக வந்து சேர்ந்தார் மார்ஜரி சைக்ஸ். 23 வயசு, யார்க்‌ஷையர்க்காரர், கேம்ப்ரிட்ஜில் படித்தவர். பிற்பாடு க்வேக்கர் ஆனார். இந்தியப் பிரஜையும் ஆனார். தமிழ் கற்றுக்கொண்டார். பத்து வருஷம் போல வேப்பேரி. அப்புறம் தாகூரின் சாந்திநிகேதன். காந்திக்குப் பின் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வி. 1959-லிருந்து பல வருஷம் நீலகிரியில் கோத்தகிரி. 1995-ல் காலமானார். தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் க்வேக்கர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்வேன்.

சைக்ஸ் வங்காளியும் கற்றுக்கொண்டு தாகூரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1950-ல் வந்த 'த்ரீ ப்ளேஸ்' தொகுப்பில் 'நடீர் பூஜா' என்ற நாடகம் இருக்கிறது. அரண்மனை நடனக்காரி ஸ்ரீமதி, புத்தரை வணங்குகிறவள். புத்தர் ஸ்தூபியை அவமானப்படுத்துவதற்காக, அதன் முன்னால் அவளை ஆடச் சொல்லி உத்தரவு. ஆடுகிறாள். ஆட ஆட நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுகிறாள். அடியில் பிக்குணியின் காவி உடை. அவமதிப்பாக ஆரம்பித்த ஆட்டம் வழிபாடாக முடிகிறது. அவளைக் கொன்றுவிடுகிறார்கள்.

ஆட்டமும் பாட்டும் வெறும் வெளிவேஷம் என்று ஃபாக்ஸ் சொன்னார். ஆட்டமே உள்ளேயிருந்து வருகிற ஜெபமாக இருக்க முடியும் என்பது தாகூர் சொன்ன பதில். அந்தப் பதிலை ஃபாக்ஸின் பாஷையில் எழுதிவைத்தவர் ஒரு க்வேக்கர் பெண்மணி. க்வேக்கர் இசை வரலாற்றுக்கு ஓர் அத்தியாயம் இந்தப் பக்கத்திலிருந்தும் சேர்க்க வேண்டும்.

தாகூரும் தடை போடாதவர் இல்லை. ஆர்மோனியம் அவருக்கு ஆகாது. சாந்திநிகேதனில் அதற்கு இடமில்லை. 1940-ல் அகில இந்திய வானொலியும் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தது. கட்டைக்குக் கட்டை தாவுமே தவிர கமகம் பேசாது என்று காரணம் சொன்னார்கள். 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. க்வேக்கர்களுடையது ஒழுக்கத்தின் பெயரில் வந்த தடை. இது ரசனையின் பெயரில் வந்த தடை. இரண்டிலும் ஒரு நேர்மை உண்டு. தடை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். சொன்னதால் எதிர்த்து வாதாட முடிந்தது. வாதாடினதால் ஒருநாள் நீங்கியது.

*

நம் பள்ளிக்கூடத்தில் இருக்கிற தடைதான் பேர் இல்லாத தடை.

விழுப்புரம் பக்கத்தில் கெடார் மாதிரி ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். திரௌபதி அம்மன் வழிபாட்டின் தலைநகரம் என்று ஆய்வாளர்கள் சொல்கிற செஞ்சிச் சீமைக்கு அருகில் உள்ள வட்டாரம். கோடையில் பாரதக் கூத்து. ராத்திரி பூரா. முகவீணை, மத்தளம், தாளம், ஆர்மோனியம். மைக் வராத காலத்திலேயே கடைசி ஆள் வரைக்கும் கேட்கப் பாடின குரல்கள். கூத்து ஏட்டைப் புரட்டினால் விருத்தம், தரு என்று பிரித்து, தருவுக்கு ராகம் தாளம் குறித்திருக்கும். வாத்தியார் என்றால் அங்கே கூத்து வாத்தியார். ஒரு பையன் கட்டியக்காரன் வேஷத்திலிருந்து ஆரம்பித்து அர்ச்சுனன் வேஷத்துக்கு வர எத்தனையோ வருஷப் படிப்பு. கேள்வி ஞானம், மனப்பாடம், கால் தாளம், கூட்டத்தின் மூச்சைப் படிக்கிற சாமர்த்தியம்.

காலையில் அதே பையன் பள்ளிக்கூடம் போனால் அவனுக்குத் தெரிந்தது எதற்கும் அங்கே மதிப்பு இல்லை. ராத்திரி கண் முழித்துவிட்டு வகுப்பில் தூங்கினான் என்று பெஞ்சு மேல் நிற்கலாம். கூத்து கூடாது என்று எந்த சர்க்குலரும் கிடையாது. முகவீணையை கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்லி எவரும் உத்தரவு போடவில்லை. ஆனால் அது உள்ளே வந்ததும் இல்லை. சொல்லாத தடையை யாரிடம் போய் எதிர்த்து வாதாடுவது?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1938-ல் ஜாகிர் உசேன் கமிட்டி போட்ட ஆதாரக் கல்விப் பாடத்திட்டத்திலேயே இசை உண்டு. விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். நல்ல பட்டியல். கூத்துக்காரர்களின் ஊருக்குப் பக்கத்தில் இருந்தும் முகவீணை அந்தப் பட்டியலில் இல்லை. நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேரப் பயிற்சி பிற்பாடுதான் வந்தது. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலியவற்றுக்கு 16,500-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், ஆரம்பத்தில் மாசம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத வருஷம் குறைவு. பாட்டு வாத்தியாரை அரை நாள் ஆளாக வைத்திருப்பதே அந்தப் பாடத்தைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. கிராமியக் கலைகளுக்கும் போட்டி உண்டு. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் போட்டி என்பது வருஷத்தில் சில நாள். மேடைக்கு நாலு பேர் போவார்கள், நாற்பது பேர் கைதட்டுவார்கள். கேடயம் பீரோவுக்குள் போனதும் பாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தர மாட்டார்.

ஆண்டு விழாவில்தான் நம் இசைக் கல்வியின் முழு லட்சணமும் தெரியும். ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு பக்கமும் அதிரும். பென் டிரைவிலிருந்து சினிமாப் பாட்டு. பிள்ளைகள் ஜிகினா உடையில் ஆடுவார்கள், உதடு அசைப்பார்கள். சினிமாப் பாட்டின் மேல் எனக்கு வழக்கு இல்லை. அதிலும் ஒன்றை எடுத்து ஒரு பெண் தன் சொந்தக் குரலில், சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை என்று பாடினால் எழுந்து நின்று கைதட்டலாம். மூன்று மணி நேர நிகழ்ச்சியில், கடவுள் வாழ்த்தும் நாட்டுப்பண்ணும் நீங்கலாக, ஒரு குழந்தையின் நிஜக் குரல் எத்தனை நிமிஷம் கேட்டது என்று அடுத்த தடவை வாட்சைப் பார்த்துக் கணக்கிடுங்கள். க்வேக்கர் பள்ளியில் பாட்டும் இல்லை, இரைச்சலும் இல்லை. நம்மிடம் இரைச்சல் மட்டும் தாராளமாக இருக்கிறது.

க்வேக்கர்களிடமிருந்து இரண்டு விஷயம் கடன் வாங்கலாம் என்பேன். ஒன்று, காலைப் பிரார்த்தனைக்கூட்டத்தில் மைக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிஷம் மௌனம். காது சுத்தமானால்தான் சுருதி விழும். இரண்டாவது, எதை உள்ளே விடுகிறோம், எதை வெளியே நிறுத்துகிறோம் என்று வாத்தியார்களும் பெற்றோரும் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசுவது. கூத்து வேண்டாம் என்று நினைத்தால் அதற்குக் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லட்டும். ஜாதியா, பரீட்சை மார்க்கா, 'கூத்தாடி' என்ற பழைய வசவா, எது என்று தெரிந்துவிடும். வேண்டும் என்றால் செலவு பெரிசில்லை. வாரம் ஒரு சாயங்காலம் உள்ளூர்க் கூத்து வாத்தியாரை, வந்து போகிற செலவும் ஒரு மரியாதையான சம்பளமும் கொடுத்து வரவழைக்கலாம். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். அந்த நாற்காலியைப் போடுவதில்தான் சிரமம் இருக்கும்.